தூண் வீட்டின் ஞாயிற்றுக்கிழமைக் கறி

அந்த வீட்டில் என்னோடு ஒளித்துப் பிடித்து விளையாடிய எல்லோருக்கும் இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. தலைக்கு மை பூசுகிறோம், முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறோம், நம் பிள்ளைகள் நம்முடைய ஜேர்மன் மொழியைத் திருத்துகிறார்கள். இந்த வயதில்தான் நமக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த கோடையில் எல்லோரும் குடும்பத்தோடு அந்த வீட்டுக்குப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வருவோம் என்று. கைத்தொலைபேசிக் குழுவில் பெயர்ப்பட்டியலும் போட்டாயிற்று. பார்த்தேன். பதினொரு குடும்பம் இருந்த வீட்டுக்குப் பத்துக் குடும்பத்தின் பெயர்தான் இருந்தது. யாரும் ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம்.

விட்டுப்போன குடும்பம் எது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மருமக்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். மன்னாரில் இருந்து வந்த கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம் அது. தகப்பன், தாய், என் வயதில் ஒரு மகள். தகப்பனை நாங்கள் மன்னார் மாமா என்று கூப்பிட்டோம். அந்த வீட்டில் ஜேர்மன் மொழி ஓரளவு பேசத் தெரிந்த ஒரே பெரியவர் அவர்தான். கடிதம் வந்தால் அவரிடம்தான் ஓடுவோம். அவரைத்தான் நம் பெற்றோர் காட்டிக்கொடுப்பவர் என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவில் ஒன்பது வயதான எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாரி காலத்தில் நம்மை பஸ்சில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கினார்கள். வட ஜேர்மனி, எந்தப் பக்கம் பார்த்தாலும் முட்டைக்கோவா வெட்டிய வெறும் தரை. அதற்கு நடுவில் வெள்ளை நிறத்தில் ஒரு மாளிகை. முன்னால் எட்டுத் தூண்கள், கீழும் மேலும் வீட்டைச் சுற்றி அகலமான விறாந்தை, நிலம் வரைக்கும் இறங்கிய யன்னல்கள், கூரையின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. அகதிகளைக் கொண்டுபோய் வைக்கிற ஹைம் இப்படி இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அம்மா பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, ஆர் இந்தக் குளிருக்குள்ள இப்பிடி விறாந்தை வைச்சுக் கட்டினது?"

"எங்களுக்கெண்டு கட்டேல்லை. வா உள்ளுக்கு" என்றார் அப்பா.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. ஊர்க்காரர்கள் அதை அமெரிக்க வீடு என்றார்கள். அந்த ஊர் விவசாயி ஒருவனின் இரண்டாவது மகன், சொத்தில் பங்கு இல்லாமல் கப்பலேறி அமெரிக்காவின் தெற்குக்குப் போனானாம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்தித் தோட்டம் வைத்தானாம். அடிமைகளை விடுவித்த போர் வருவதற்கு முன்னமே எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் திரும்பி வந்து, அங்கே தான் இருந்த தோட்டத்து வீட்டை அளவு பிசகாமல் இங்கே கட்டினானாம். வெயிலுக்கு வகுத்த வீடு அது. முன்வாசலையும் பின்வாசலையும் திறந்தால் காற்று நடுக்கூடத்தால் நேராகப் போகும். கூரை அவ்வளவு உயரம். அடுப்பு எரித்தால் சூடு முழுக்க மேலே போய்விடும், கீழே நாங்கள் மூன்று மேல்சட்டையோடு நடுங்குவோம். குசினி கூட வீட்டுக்குள் இல்லை. நெருப்புக்கும் வெக்கைக்கும் பயந்து பின்வளவில் தனியாகக் கட்டியிருந்தார்கள். அது நாங்கள் போகும்போது பூட்டிக் கிடந்தது.

தூண்கள் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தூணுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒளியலாம். பளிங்கு என்றுதான் நினைத்திருந்தோம். ஒருநாள் நான் விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். பலகைச் சத்தம் கேட்டது. உள்ளே வெறுமை, வெளியே பலகையை வளைத்து அடித்து, பளிங்கு மாதிரி நரம்பு நரம்பாகக் கீறிப் பூசியிருந்தார்கள். அன்றையில் இருந்து எனக்கு அந்த வீட்டில் நம்பிக்கை போய்விட்டது. எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்த்தேன். படிக்கட்டுக்குக் கீழே மரப்பலகை அடித்த சுவரில் ஓரிடம் வேறு மாதிரிச் சத்தம் போட்டது. சில நாள் கழித்து அந்தப் பலகை கதவு மாதிரித் திறந்ததையும், உள்ளே இருந்து ஹவுஸ்மைஸ்டர் தலையில் சிலந்தி வலையோடு குனிந்து வெளியே வந்ததையும் கண்டேன். ஹவுஸ்மைஸ்டர் என்றால் வீட்டுக்குப் பொறுப்பான ஆள், வாயில் எப்போதும் புகையிலைச் சுங்கான். என்னைக் கண்டதும் கதவைக் காலால் சாத்திவிட்டுப் போனார். நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

இனி அடுப்பு விஷயம். அறைகளில் சமைக்கக்கூடாது என்பது கட்டளை. பழைய பலகை வீடு, தீப்பிடிக்கும் என்றார்கள். மூன்று நேரமும் சாப்பாடு பெட்டியில் வந்தது. கறுத்தப் பாண், சீஸ் என்கிற மஞ்சள் கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டு. நம் அம்மாமார் ஒரு கிழமைதான் தாக்குப் பிடித்தார்கள். பிறகு ஒவ்வொரு கட்டிலுக்குக் கீழும் ஒற்றை வட்ட மின்சார அடுப்பு ஒன்று முளைத்தது. கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாயை அடைத்து, யன்னலை இறுக்கிச் சாத்தி, மணம் நடைபாதைக்குப் போகாமல் பார்த்துத்தான் சமைத்தார்கள். அப்படிச் சமைத்தும் பிடிபட்டார்கள். அதுவும் ஹவுஸ்மைஸ்டர் அறை அறையாகத் தேடிப் பிடிக்கவில்லை. நேரே வருவார், சமைக்கிற அறையின் கதவை மட்டும் தட்டுவார், கையை நீட்டுவார், அடுப்பைக் கொண்டு போவார். ஒருமுறை கூடப் பிழையான கதவைத் தட்டியதில்லை. அவருக்கு ஒரு தமிழ்ச் சொல் தெரியாது. அப்படியென்றால் தமிழ் தெரிந்த யாரோ சொல்கிறார்கள். இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒரே நாளில் விடை கொடுத்தது. மன்னார் மாமாவின் அறைக் கதவு மட்டும் ஒருநாளும் தட்டப்படவில்லை. அவர்கள் சமைப்பதே இல்லை என்பது உண்மை. ஆனால் சந்தேகம் வந்த பிறகு அதுவும் ஒரு சாட்சியாகிவிட்டது.

அப்பா பிடிபட்டது அதற்குப் பிறகு. எங்கள் மாவட்டத்தைத் தாண்டிப் போக எங்களுக்கு அனுமதி கிடையாது என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அப்பாவின் தம்பி அடுத்த மாவட்டத்து நகரத்தில் காய்ச்சலாகக் கிடந்தார். அப்பா ஒரு காலை பஸ் ஏறினார். மூன்றாவது தரிப்பில் இரண்டு பொலிஸ்காரர் ஏறி நேராக அவரிடம் போய்க் காகிதம் கேட்டார்கள். எச்சரித்து, எழுதி எடுத்து, பின்னேரமே கொண்டுவந்து விட்டார்கள். அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். எங்கள் அகதி வழக்கே இதனால் போய்விடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா அழுதாள்.

"ஆருக்குச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பஸ் நேரம் மட்டும் மன்னார் ஆளிட்ட வாசிப்பிச்சனான்."

அவ்வளவே போதுமாக இருந்தது.

மாஸ்ரரை உங்களுக்கு மறந்திருக்காது. ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவர், ஹைமிலும் நமக்குக் காந்தமும் கண்ணாடியும் பற்றிப் பாடம் எடுத்தவர். எதையும் ஆதாரம் இல்லாமல் சொல்லக்கூடாது என்பது அவர் கொள்கை. அவர் எங்கள் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, அப்பாவிடம் திட்டத்தைச் சொன்னார்.

"இதை ஒரு பரிசோதனையாச் செய்வம். வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு உங்கட அறையில சமையல் எண்டு அந்தாளுக்கு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது. ஹவுஸ்மைஸ்டர் வந்தா விசயம் முடிஞ்சுது. வராட்டி நாங்கள் பிழையா நினைச்சிட்டம் எண்டு ஒத்துக்கொள்ளுவம்."

அம்மா இடையில் புகுந்தாள். "சும்மா சொல்லிப்போட்டு ஒண்டும் சமைக்காமல் இருந்தா, வந்து பார்த்த உடன பொறி எண்டு விளங்கியிடும். நான் உண்மையாவே சமைக்கிறன். பிள்ளையளும் பாணைத் திண்டு திண்டு வாய் செத்துப்போச்சுதுகள்."

மாஸ்ரர் ஒரு நிமிடம் யோசித்தார். "அதுவும் சரிதான் தங்கச்சி" என்றார்.

அந்த ஒரு நிமிட யோசனையைத்தான் நான் இப்போது திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சனிக்கிழமை காலை அப்பா மன்னார் மாமாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கோழிக் கறி. பாரிசில் இருந்து சித்தி அனுப்பிய வறுத்த கறித்தூள். அம்மா வெங்காயத்தைப் போட்டதும் எங்கள் வயிறு சத்தம் போட்டது. கதவிடுக்கில் துவாய், யன்னல் இறுக்கம், எல்லாம் முறைப்படி. எல்லா அறைகளிலும் இருந்த மாதிரி எங்கள் சுவரிலும் கூரைக்குக் கிட்ட மரத்தில் பூவும் கொடியும் வெட்டிய ஒரு வலைப்பின்னல் பலகை இருந்தது. கறியின் ஆவி அந்தப் பக்கமாகத்தான் மெல்ல மெல்லப் போனது. நான் படுத்துக் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலங்காரத்துக்கு வைத்தது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். மூன்றரைக்குக் கதவு தட்டப்பட்டது. ஹவுஸ்மைஸ்டர் சட்டியை இறக்கித் தரையில் வைத்தார், அடுப்பை வயரோடு சுருட்டிக்கொண்டு போனார். அரைவேக்காட்டுக் கோழியை ஒருவரும் தொடவில்லை. அம்மா வென்ற மாதிரியும் தோற்ற மாதிரியும் ஒரு முகம் வைத்திருந்தாள்.

பொழுதுபட முன்னமே ஆண்கள் எல்லோரும் எங்கள் அறைக்கு வந்துவிட்டார்கள். கட்டிலிலும் பெட்டிகளிலும் இருந்தார்கள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீ நேற்று அலுவலக வாசலில நிண்டனியெல்லோ. மன்னார் மாமா ஹவுஸ்மைஸ்டரோட என்ன கதைச்சவர்?"

என்னை ஒரு பெரிய ஆளாக நினைத்துக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. கண்டதை அப்படியே சொன்னேன்.

"ஹவுஸ்மைஸ்டர்தான் கதைச்சவர். அறை நம்பர் எல்லாம் சொன்னவர். மாமா ஒண்டும் சொல்லேல்லை. தலையை மட்டும் ஆட்டினவர்."

அறையில் ஒருவரும் அசையவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த அமைதியின் பாரம் தெரியாது, ஆகவே சொல்கிறேன். ஊரில் சுற்றிவளைப்பு நடந்தால் ஆமி ஒருவனைச் சாக்கால் தலையை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, வாகனத்தில் இருத்தி வைக்கும். ஊர்ப் பெடியன்களை வரிசையாக அவனுக்கு முன்னால் நடத்துவார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அந்தப் பிள்ளை வீட்டுக்கு வராது. அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். அந்த அறையில் இருந்தவர்களில் இரண்டு பேருக்குத் தம்பிமார் அப்படிப் போனவர்கள். ஒருவர் எழும்பி யன்னல் பக்கம் திரும்பி நின்றார். மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பரிசோதனையும் சரி. சாட்சியும் சரி" என்றார்.

யாரும் மன்னார் மாமாவை அடிக்கவில்லை, ஏசவில்லை. கதைப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். கடிதங்களை அவரிடம் கொண்டு போகாமல், என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார்கள். பாதி எனக்கு விளங்காது, விளங்கியது போலச் சொல்லுவேன். அவர் விறாந்தைக்கு வந்தால் மற்றவர்கள் உள்ளே போவார்கள். மன்னார் மாமிக்கு என்ன நடக்கிறது என்றே முதலில் தெரியவில்லை. ஒவ்வொரு கதவாகப் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவார். ஈஸ்டர் வந்தது. தேவாலயத்தில் கொடுத்த சொக்கலேட் முட்டை ஒன்றை மகள் எனக்குக் கொண்டுவந்து தந்தாள். சிவப்புத் தாள் சுற்றியது. அம்மா அதைக் கண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். நான் விறாந்தைப் பக்கமாக அவர்கள் அறைக்குப் போய் நீட்டினேன். மகள் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்களில் சிலர் தூண்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வேறு இடம் கேட்டு அவர்களே விண்ணப்பம் போட்டார்கள். சித்திரை முடிவில் ஒரு காலை வான் வந்தது, மூன்று பெட்டிகளை ஏற்றியது, போனது. ஒருவரும் வெளியே வரவில்லை. அவர்கள் போன பிறகும் அடுப்புகள் பிடிபட்டுக்கொண்டுதான் இருந்தன. அதற்கும் பெரியவர்கள் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். போகும்போது எல்லா விபரமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார்கள்.

கதை அங்கே நின்றிருந்தால் பரவாயில்லை. அது டோர்ட்மண்டுக்குப் போனது, பாரிசுக்குப் போனது, அந்த மகளுக்குக் கேட்டு வந்த இரண்டு சம்பந்தத்தையும் வாசலோடு திருப்பி அனுப்பியது. தலையாட்டி வீட்டுப் பெட்டை என்ற சொல்லை ஒரு கலியாண வீட்டில் நானே என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டு இலையில் இருந்த சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னைப் பிடிக்காமல் போன நாட்களில் அதுவும் ஒன்று.

போன இலையுதிர் காலத்தில், நம் கோடைச் சந்திப்புக்கு இடம் கேட்டுப் பார்க்க என்று நான் தனியாக அந்த வீட்டுக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம், சனிக்கிழமைகளில் கலியாண மண்டபம். வெள்ளை புதிதாகப் பூசியிருக்கிறார்கள். நாங்கள் ஒருகாலமும் காணாத ரோசாச் செடிகள். எங்கள் ஆறாம் இலக்க அறை தேநீர்ச்சாலையாகிவிட்டது. வாசலில் வீட்டின் வரலாற்றை எழுதிய பலகை ஒன்று. கட்டியவரைப் பருத்தி வணிகர் என்று போட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்துக்குப் பல்வேறு பயன்பாடு என்று இரண்டே சொல். அந்தப் பல்வேறு பயன்பாடு நாங்கள்தான்.

சுற்றிக் காட்ட ஒரு இளம் பெண் வந்தாள். தூண் ஒவ்வொன்றும் எந்த முறைப்படி, யன்னல் ஏன் அவ்வளவு உயரம் என்றெல்லாம் ஆசையாகச் சொன்னாள்.

"அவருடைய பருத்தியை யார் பறித்தது?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்துபோனது. "புதிய பலகை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம்" என்றாள். எழுதட்டும். எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

பிறகு அவள் படிக்கட்டுக்குக் கீழே குனிந்து அந்தச் சுவர்ப் பலகையைத் திறந்தாள். உள்ளே ஒடுங்கிய படிகள். வேலையாட்கள் விருந்தாளிகளின் கண்ணில் படாமல் ஏறி இறங்குவதற்கு என்றாள். கூரைக் கண்ணாடி அறைக்குப் போனோம். நாலு பக்கமும் யன்னல். அமெரிக்காவில் அந்த மனிதன் இப்படி ஒரு அறையில் இருந்துதான் வயலில் யார் நிமிர்கிறார்கள், யார் குனிகிறார்கள் என்று பார்த்தானாம். இங்கே வந்தும் கோவா வெட்டுகிறவர்களை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தானாம். வயலுக்கு அப்பால் பஸ் தரிப்பு தெரிந்தது. அங்கே நின்ற ஒரு கிழவியின் கைப்பை என்ன நிறம் என்று என்னால் சொல்ல முடிந்தது.

சுவரோரமாக வரிசையாகச் சின்ன மரக் கதவுகள் இருந்தன, அஞ்சல்பெட்டி அளவில். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் தகடு, தகட்டில் இலக்கம்.

"காற்றோட்டத்துக்கு" என்றாள் அந்தப் பெண். "சூடு மேலே ஏறும்தானே. கீழே ஒவ்வொரு அறையின் பூப் பலகைக்குப் பின்னாலும் ஒரு குழாய் இருக்கிறது, அது இங்கே வந்து முடிகிறது. கீழே யார் என்ன சமைக்கிறார்கள் என்று இங்கே இருந்தே தெரியும் என்று ஊரில் ஒரு பகிடி உண்டு. கடைசியாக இருந்த ஹவுஸ்மைஸ்டர் நாள் முழுக்க இங்கேதான் இருப்பாராம். திருத்த வேலை செய்தவர்கள் அவருடைய சுங்கானையும் தூரக்கண்ணாடியையும் இந்தக் கதிரைக்குக் கீழே கண்டெடுத்தார்கள்."

நான் அவளை நம்பவில்லை. உல்லாசப் பயணிகளுக்கு இப்படி நூறு கதை சொல்வார்கள். ஐந்தாம் இலக்கக் கதவைத் திறந்து முகத்தை வைத்தேன். தூசி. ஏழைத் திறந்தேன். தூசி. ஆறைத் திறந்தேன். கீழே தேநீர்ச்சாலையில் யாரோ வெண்ணெயில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள், முகத்தில் அடித்தது.

கதிரையில் இருந்துவிட்டேன். மாஸ்ரருடைய பரிசோதனை அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொல்லிவிட்டுச் சமைக்காமல் இருந்திருக்க வேண்டும். சமைத்தபடியால், சொன்னதால் வந்தாரா, மணத்தால் வந்தாரா என்று யாருக்கும் தெரியாமல் போனது. இவ்வளவு சின்ன விஷயம். எட்டாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்கும். ஒரு விஞ்ஞான வாத்தியாரும், பத்து வளர்ந்த ஆண்களும், என் அம்மாவும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க விரும்பவில்லை என்றும் நினைக்கிறேன். ஊரில் ஒருவன் காட்டிக்கொடுக்காமல் ஒன்றும் நடந்ததில்லை. ஒரு வீடு அதைச் செய்யும் என்று அவர்கள் எப்படி நினைப்பார்கள்?

அடுத்த கிழமை, மன்னார் மாமா இருக்கிற டோர்ட்மண்டுக்கு ரயில் ஏறினேன். நாற்பது வருடத்துப் பிழைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று வழி முழுக்க வசனங்களைச் சொல்லிப் பார்த்தேன். மகள்தான் கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி, தகப்பனோடு இருக்கிறாள். என்னை அடையாளம் கண்டாள், ஆனால் உள்ளே வா என்று சொல்ல நேரம் எடுத்தாள். மாமி இறந்து கனகாலம். மாமாவுக்கு எண்பது கடந்துவிட்டது, குறுகிப் போயிருந்தார்.

"இரும் பிள்ளை. தேத்தண்ணி குடியும்" என்றார்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பஸ், கோழிக் கறி, பரிசோதனை, அன்று பின்னேரம் நான் சொன்ன சாட்சி.

"அப்ப நீர்தான் சொன்னனீர்" என்றார், கோபமில்லாமல்.

"ஓம் மாமா."

"கண்டதைத்தானே சொன்னனீர். அந்த மனிசன் சுங்கானையும் வாயில வைச்சுக்கொண்டு கதைச்சா எனக்குப் பாதி விளங்காது. விளங்கேல்லை எண்டு சொன்னா, மொழி தெரியாதவன் எண்டு வேற ஆளைக் கொண்டு வந்திடுவாங்கள். அந்த ஒரு மரியாதைதான் எனக்கு அங்க இருந்தது. அதுதான் தலையை ஆட்டி ஆட்டிச் சமாளிச்சனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கோ மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் ஒண்டு கேக்கட்டோ? உங்கட அப்பா இருக்கேக்க கேக்க மனம் வரேல்லை. அவரைப் பொலிஸ் பிடிச்சது. அண்டைக்குப் பின்னேரமே கொண்டு வந்து விட்டது. மற்றவங்கள் எண்டா ரெண்டு நாள் உள்ளுக்கு இருந்தவங்கள். பிறகு பதினொரு குடும்பத்தில முதல் வதிவிட அனுமதிக் கடிதம் உங்கட வீட்டுக்குத்தானே வந்தது? இஞ்ச வந்த பிறகு கேள்விப்பட்டனான்."

எனக்கு உடனே ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன மாமா சொல்லுறியள்?"

"ஆரோ ஒராள் சொல்லித்தானே அந்த மனிசன் நேர வந்து கதவைத் தட்டினது. நான் இல்லையெண்டு எனக்குத் தெரியும். அப்ப ஆர்? நானும் யோசிச்சன் பிள்ளை. இஞ்ச எங்கட ஆக்களுக்கும் சொன்னனான், அந்தாளோட கவனமா இருங்கோ எண்டு."

முன்பு ஒருநாள் டோர்ட்மண்ட் ரயில் நிலையத்தில் அப்பா மன்னார்க்காரர் இரண்டு பேருக்கு வணக்கம் சொன்னதும், அவர்கள் பார்க்காத மாதிரிப் போனதும் என் நினைவுக்கு வந்தது. குற்றமுள்ள ஆட்கள், முகம் பார்க்க வெட்கம் என்று அப்பா அன்று விளக்கம் சொன்னார். அப்பாவின் செத்தவீட்டுக்கும் அந்தப் பக்கத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அதற்கும் நாங்கள் அதே விளக்கத்தைத்தான் வைத்திருந்தோம்.

"மாமா, அப்பாவும் இல்லை. ஆரும் இல்லை. அந்த வீடு. மணம் குழாயால மேல போனது. பஸ் தரிப்பும் அங்கயிருந்து தெரியும், அந்த மனிசன்தான் கண்டு பொலிசுக்கு அடிச்சிருப்பான். இஞ்ச பாருங்கோ" என்று கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இலக்கத் தகடுகளையும் சின்னக் கதவுகளையும் கனநேரம் பார்த்தார். பிறகு தொலைபேசியைக் கவனமாக என் கையில் திருப்பித் தந்தார்.

"நல்ல வேலைப்பாடு" என்றார். "தகப்பன்ர பேரைக் காப்பாத்த இவ்வளவு தூரம் தேடிக்கொண்டு வந்திருக்கிறீர். என்ர மகளும் இப்பிடித்தான் செய்வாள். ஆனா அதுக்குத் தேவையில்லை பிள்ளை. நான் அவரை எப்பவோ மன்னிச்சிட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் அப்பாவை மன்னிக்க இவர் யார் என்று இருந்தது. செய்யாத குற்றத்துக்கு அன்பாக ஒரு மன்னிப்பைத் தந்துவிட்டுத் தேத்தண்ணி ஆறுகிறது குடியும் என்கிறார். எழும்பிப் போய்விடலாம் என்று கைப்பையை எடுத்தேன். வாசலில் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்து ஐந்து நிமிடம் ஆகாத இந்தக் கோபம் இவர்கள் வீட்டில் நாற்பது வருடமாக இருந்திருக்கிறது.

நான் கைப்பையைக் கீழே வைத்தேன். மகளையும் வந்து பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் இருந்து திரும்பவும் சொல்லத் தொடங்கினேன்.